அம்பலம் வீட்டுக் காசாஞ்செடி

வேலங்காட்டுப்பட்டி ஐயனார் கோயில்காட்டுக்குள் இரும்பு போகக் கூடாது. அரிவாளோ பாக்குவெட்டியோ, எதுவானாலும் எல்லைக்கல்லுக்கு வெளியே வைத்துவிட வேண்டும். செருப்பும் அப்படித்தான். உள்ளே கிடக்கும் காய்ந்த சுள்ளியைக்கூட அடுப்புக்கு எடுத்து வரக் கூடாது. திரும்பும்போது எல்லைக்கல்லருகே நின்று, ஆண்கள் துண்டையும் பெண்கள் முந்தானையையும் நன்றாக உதறிவிட்டுத்தான் ஊருக்குள் கால் வைக்க வேண்டும். தெரியாமல் ஓர் இலை ஒட்டிக்கொண்டு வந்தாலும் ஐயனார் சொத்து வீடு வந்து சேர்ந்ததாகிவிடும். வாழவந்த மருமகளுக்கு மாமியார்கள் அடுப்படியைக் காட்டுவதற்கு முன்னால் இந்த உதறலைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

அந்தக் காட்டில் எத்தனையோ மரமும் செடியும் இருந்தாலும் ஊராருக்கு ஐயனார் செடி என்றால் காசாஞ்செடிதான். சித்திரை வெயிலில் மற்றதெல்லாம் சருகாகக் கிடக்கும்போதும் அதன் இலை தடித்து, எண்ணெய் தடவியது போலப் பச்சையாகவே நிற்கும். பங்குனி பிறந்தால் பூக்கும். கிளை நுனியில் அல்ல, குச்சியோடு ஒட்டிக்கொண்டு, கணுவுக்குக் கணு கொத்தாக நீலப் பூ. அந்தச் செம்மண் பூமியில் அப்படி ஒரு நீலத்தை வானத்தைத் தவிர வேறெங்கும் பார்க்க முடியாது. பூ உதிர்ந்து, காய் கருத்துப் பழுத்ததும் குருவிகளுக்குக் கொண்டாட்டம். ஆடு மேய்க்கப் போகிறவர்களும் பழத்தைத் தின்பார்கள். ஆனால் அங்கேயே நின்று தின்று, கொட்டையையும் அங்கேயே துப்பிவிட்டு வருவார்கள். கொட்டையும் ஐயனாருடையதுதானே.

ஊருக்குத் தலைமை சேவுகன் அம்பலம். நல்ல மனுஷர் என்றுதான் சொல்ல வேண்டும். வரப்புச் சண்டை, கண்மாய்த் தண்ணீர்ச் சண்டை எதுவானாலும் கை நீட்டாமல், முகம் பார்க்காமல் தீர்ப்புச் சொல்வார். ஒரே ஒரு குறை, வாய் நீளம். கூட்டத்தைச் சிரிக்க வைத்துவிட்டால் பாதி வழக்கு முடிந்தது என்பது அவருடைய எண்ணம். அவருக்குப் பெரிய பெயர் வாங்கிக்கொடுத்தது அந்த வாய்தான். பிறகு அவரைக் குப்புறத் தள்ளியதும் அதே வாய்தான்.

ஜெர்மனிச் சண்டை ஆரம்பித்த வருஷம் ஐப்பசியும் கார்த்திகையும் மழையில்லாமல் போயின. கண்மாய் வெடித்துக் கிடந்தது. புது வைக்கோல் இல்லாததால் எல்லார் வீட்டு வைக்கோல் போரும் கரைந்துகொண்டே வந்தது. உண்ணாமலை வீட்டுப் போரும் பங்குனியில் தரையோடு தரையானது. அது கரைந்த பிறகுதான், போருக்கும் மண்சுவருக்கும் இடையிலே மறைந்து நின்ற செடி தெருவில் போகிறவர்களின் கண்ணில் பட்டது. இடுப்பளவு உயரம். குச்சியெல்லாம் நீலப் பூ.

உண்ணாமலை புருஷனை இழந்தவள். பிரகதாம்பாள் என்று ஒரே மகள். அந்தப் பெண்ணை அரிமளத்தில் பேசி முடித்து, வைகாசியில் கல்யாணம் என்று வைத்திருந்தார்கள். அம்பலத்துக்கு உண்ணாமலை தூரத்துப் பங்காளி வீட்டுப் பெண், தங்கச்சி முறை.

மழை ஏன் பெய்யவில்லை என்று மாசக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த ஊருக்கு அன்று விடை கிடைத்துவிட்டது. சாயங்காலமே கோயில் திடலில் கூட்டம் கூடியது. உண்ணாமலையை நடுவில் நிறுத்தினார்கள். மகள் அம்மாவின் பின்னால் நின்றாள்.

"காட்டுச் செடி ஒன் கொல்லைக்கு எப்படி வந்துச்சு?" என்று கேட்டார் சேவுகன்.

"சத்தியமாத் தெரியாதுண்ணே. வைக்கப்போருக்குப் பின்னாடி கெடந்திருக்கு. போர் கரைஞ்சப்பறந்தான் நானே பாத்தேன்."

"இடுப்பளவு வளந்து பூவும் பூத்திருக்கு. தெரியாதுங்கிறியே ஆத்தா?"

உண்ணாமலை கொஞ்சம் யோசித்தாள். பயத்தில் அல்ல, உண்மையிலேயே யோசித்தாள். "குருவி கொண்டாந்து போட்டிருக்கும்ணே. அதுக பழத்தைத் திங்குதுகள்ல?" என்றாள்.

சேவுகனுக்கு வாய் அரித்தது. கூட்டத்தை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். "ஊருல இத்தனை வீடு இருக்கு. குருவிக்கு ஒன் வீட்டுக் கொல்லைதான் கெடைச்சுச்சா?"

கூட்டம் சிரித்தது. விழுந்து விழுந்து சிரித்தது. மழையில்லாத வருஷத்தில் சிரிக்க ஒரு காரணம் கிடைத்தால் விடுவார்களா? அந்தச் சிரிப்போடு வழக்கு முடிந்துவிட்டது.

தீர்ப்பு இதுதான். செடியை இரும்பு படாமல் கையாலேயே தோண்டி எடுக்க வேண்டும். தலையில் வைத்து எல்லாத் தெருவும் சுற்றிக் காட்டுக்குக் கொண்டுபோய், எடுத்த இடத்தில் நட வேண்டும். எடுத்த இடம் எது என்று உண்ணாமலைக்கு எப்படித் தெரியும்? ஏதோ ஓரிடத்தைக் காட்டினாள். அதைப் பார்த்துவிட்டு, "பாத்தியா, சரியாக் காட்டிட்டா" என்று ஒருத்தி சொன்னாள்.

இறுகிப்போன செம்மண்ணை அம்மாவும் மகளும் விரலால் பறித்தார்கள். நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. வேர் பாதியிலேயே அறுந்தது. உண்ணாமலை அதைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தபோது மண் உதிர்ந்து கண்ணில் விழுந்தது. நட்ட பிறகு தண்ணீர் ஊற்ற வேண்டுமே என்று அவள் சுற்றிப் பார்த்தாள். ஊரே நின்றது. ஒருவர் கையிலும் ஒரு செம்பு இல்லை. அவளே மறுபடி ஊருக்கு நடந்து, கிணற்றில் இறைத்து, குடத்தோடு திரும்பினாள். அதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது. செடி ஒரு வாரத்தில் கருகிப்போனது.

அரிமளத்துக்காரர்கள் ஆள் அனுப்பிக் கல்யாணத்தை நிறுத்தினார்கள். சாமி சொத்தைத் தொட்ட வீட்டில் பெண்ணெடுக்கப் பயமாயிருக்கிறது என்றார்கள். அந்த வருஷ ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. கண்மாய் நிரம்பி மறுகால் போனது. "அம்பலாரு தீர்ப்புக்கு வானமே சாட்சி சொல்லிருச்சு" என்று ஊர் மெச்சியது. சேவுகனுக்கும் உள்ளுக்குள் அப்படித்தான் இருந்தது. அவர் சொன்ன வாசகம் ஊரில் நிலைத்துவிட்டது. யாராவது நொண்டிச் சாக்குச் சொன்னால், "குருவிக்கு ஒன் வீட்டுக் கொல்லைதான் கெடைச்சுச்சா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். உண்ணாமலை தண்ணீர் எடுக்க வரும்போதும் சிரிப்பார்கள். பிரகதாம்பாளைக் கேட்டு அதன் பிறகு யாரும் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

மறு பங்குனியில் சேவுகன் தன் வீட்டுக் கொல்லை வேலியைப் பிரித்துக் கட்டினார். வேப்பமரத்தடியில் இருந்த பழைய முள்வேலி அது. மட்கிப்போன உடைமுள்ளைக் கவைக்கம்பால் ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டுக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் கம்பை அப்படியே நிறுத்திவிட்டார். முள்ளுக்கு நடுவே தடித்த பச்சை இலை. இன்னும் கொஞ்சம் விலக்கினார். நெஞ்சளவு உயரத்தில் காசாஞ்செடி. கணுவெல்லாம் நீலம்.

யாரோ வேண்டாதவன் கொண்டுவந்து நட்டிருக்கிறான். முதலில் அவருக்குத் தோன்றியது அதுதான். உடனே அதை அவராலேயே நம்ப முடியவில்லை. உள்ளங்கை நுழையாத முள்ளுக்குள் எவன் போய் நடுவான்? அடித்தண்டு கட்டைவிரலைவிடத் தடித்திருந்தது. உண்ணாமலை வீட்டுச் செடிக்கு மூத்த செடி. அங்கே ஊரைக் கூட்டி அவர் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்த நாளில், இங்கே இது ஒருவருக்கும் தெரியாமல் நின்றிருக்கிறது.

வேலியில் கோவைக்கொடி ஏறியிருந்தது. சூரைச்செடி ஒன்றும் நின்றது. அவற்றை யார் நட்டார்கள் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. தலைக்கு மேலே வேப்பங்கிளையில் ஒரு கொண்டைக்குருவி உட்கார்ந்திருந்தது. அது வாலைத் தூக்கி, கீழே இருந்த முள்ளின் மேல் எச்சமிட்டுவிட்டுக் காட்டுப் பக்கமாகப் பறந்தது. சேவுகனுக்கு முகமெல்லாம் சூடேறியது. அவரைப் பார்க்க அங்கே ஒருவரும் இல்லை. இருந்தும் துண்டால் முகத்தை மூடிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

அடுத்து அவர் செய்த காரியத்தை நல்ல மனுஷர் செய்கிற காரியம் என்று சொல்ல முடியாது. இழுத்துப்போட்ட முள்ளையெல்லாம் திரும்ப அள்ளிச் செடியை மூடினார். போதாதென்று புது முள்ளும் வெட்டிப் போட்டார். கையெல்லாம் கீறல். "என்ன இது?" என்று கேட்ட மனைவி பொன்னுத்தாயிடம், "முள்ளு வேலைன்னா கீறாதா?" என்று எரிந்து விழுந்தார்.

அதற்குப் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. கிணற்றடியில் உண்ணாமலை நிற்பது தெரிந்தால் வேறு தெரு வழியாகச் சுற்றிப்போனார். ஒரு வழக்குக்குக் கூப்பிட்டார்கள், உடம்புக்கு ஆகவில்லை என்றார். அந்த வழக்கிலும் யாரோ அந்தக் குருவி வாசகத்தைச் சொல்லி எல்லாரும் சிரித்ததாகக் கேள்விப்பட்டபோது, தன் நாக்கைத் தானே பிடுங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது.

பொன்னுத்தாய்க்குச் சந்தேகம் வந்துவிட்டது. வேலி கட்டி முடித்த பிறகும் தினமும் காலையில் போய் ஒரே இடத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும் ஆளைப் பார்த்தால் யாருக்குத்தான் வராது? ஒருநாள் சாம்பல் கொட்டப் போனவள், கம்பால் முள்ளை விலக்கிப் பார்த்துவிட்டாள். சேவுகன் பின்னாலேயே வந்து நின்றார்.

"இது எத்தனை நாளாத் தெரியும்?" என்று கேட்டாள்.

அவர் கம்பை வாங்கி முள்ளைத் திரும்பத் தள்ளினார். "ஒருத்தருக்கும் தெரியாமப் பிடுங்கிப் போட்டுடலாம்னு பாக்குறேன்" என்றார். சொல்லும்போதே குரல் தேய்ந்துவிட்டது.

"பிடுங்குங்க. யாரு வேணாங்குறா? அன்னைக்கு அவ தலையில வச்சீங்க. இதை யாரு தலையில வைக்கப்போறீங்க?"

அவள் சாம்பல் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவருக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. தன் தலையில்தான் வைக்க வேண்டும். ஊரைக் கூட்டி, செடியைக் காட்டி, அவள் செய்ததையெல்லாம் தானும் செய்ய வேண்டும். அதே தெரு, அதே கூட்டம். அவளுக்குப் போன பெயர் அப்போதுதான் திரும்பும். அந்தப் பெண்ணுக்கும் ஒரு வழி பிறக்கும். இப்படி முடிவு செய்த பிறகுதான் அவர் வயிறாரச் சாப்பிட்டார்.

மறுநாள் வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்று தமுக்கடிக்கச் சொன்னார். ஊர் முழுக்க அம்பலத்தின் கொல்லையில் வந்து நின்றது. சேவுகன் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, முள்ளையெல்லாம் கம்பால் இழுத்துப் போட்டார். நீலப் பூவோடு செடி வெளியே வந்தது.

"எல்லாரும் நல்லாப் பாத்துக்கங்க. இது எங்க வீட்டுக் கொல்லை. நான் காட்டுலேருந்து கொண்டாரலை. குருவிதான் போட்டிருக்கு. உண்ணாமலை சொன்னது நெசம். நாந்தான் தப்பாத் தீர்ப்புச் சொல்லிட்டேன்" என்றார். இதைச் சொல்வதற்காகக் காலையிலிருந்து மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தார். சொல்லி முடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். யாராவது திட்டுவார்கள், குறைந்தபட்சம் ஒருவராவது சிரிப்பார்கள் என்று காத்திருந்தார்.

யாரும் சிரிக்கவில்லை. ஐயனாருக்குப் பூசை வைக்கிற திருப்பதி வேளார் மெல்ல முன்னால் வந்தார். செடியை மேலும் கீழும் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். அப்படியே நெடுஞ்சாண்கிடையாகச் செடிக்கு முன்னால் விழுந்துவிட்டார்.

"ஐயனாரே! அம்பலாரே, சாமி ஒங்க வீடு தேடி வந்திருக்காரு!"

சேவுகனுக்குப் புரியவே சிறிது நேரமாயிற்று. "இல்லை வேளாரே, குருவி போட்டதுன்னு சொல்றேன்ல?"

"அந்தக் குருவி யாரு? சாமிதான் குருவியா வந்திருக்காரு. போன வருசம் நீங்க நியாயம் சொன்னீங்கள்ல, அதுக்கு மனசு குளுந்து வந்திருக்காரு."

"அப்ப உண்ணாமலை வீட்டுக்கு வந்தது?"

வேளார் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார். அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. மனசார யோசித்துத்தான் பதில் சொன்னார். "அது வேற, இது வேற அம்பலாரே."

பெண்கள் குலவை போட்டார்கள். யாரோ மஞ்சள் துணி கொண்டுவந்து தண்டில் சுற்றினார்கள். பொன்னுத்தாய் கையிலிருந்தே விளக்கை வாங்கிச் செடியடியில் ஏற்றினார்கள். தேங்காய் உடைந்தது. சேவுகன், "தள்ளுங்க, நான் இதைத் தோண்டித் தலையில வச்சுக் காட்டுக்குக் கொண்டுபோகணும்" என்று குனிந்து மண்ணில் கை வைத்தார். நாலு பேர் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். "சாமியையா பிடுங்குறது? குடும்பத்துக்கு ஆகாதுங்க" என்றார்கள். அன்பாகத்தான் பிடித்தார்கள். அம்பலத்துக்கு எவ்வளவு அடக்கம் பாருங்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அவருக்கு அந்த அன்பைப் போல வெட்கத்தைத் தந்தது எதுவுமில்லை. அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

உண்ணாமலையும் வந்திருந்தாள். வீட்டுக்கு ஓர் ஆள் என்று சொன்னதால் வந்தவள், வேலி ஓரமாகத் தனியாக நின்றாள். அவளுடைய முகத்தில் கோபம் இல்லை, ஆச்சரியமும் இல்லை. எல்லாரும் கும்பிடுகிறார்களே என்று அவளும் கை கூப்பப் போனதைச் சேவுகன் பார்த்துவிட்டார். பிடித்திருந்தவர்களை உதறினார். நேராக அவளிடம் போய், அவள் காலடியில் தொப்பென்று விழுந்தார்.

குலவை நின்றது. விளக்கேற்றியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னைய மன்னிச்சுரு ஆத்தா" என்றார் மண்ணைப் பார்த்துக்கொண்டே.

உண்ணாமலை பதறிப் பின்வாங்கினாள். குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "எந்திரிங்கண்ணே, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். நீங்க விழுந்ததும் எந்தலையிலதான் விடியும்."

அவள் சொல்லி முடிக்கவில்லை. கூட்டத்தில் ஒரு பெண்குரல், "அம்பலத்தையே கால்ல விழ வச்சுட்டா பாரு" என்றது. அவர் எழுந்தார். நெற்றியில் ஒட்டிய மண்ணைத் துடைக்கவும் கை வரவில்லை. தான் நல்லது செய்யப் போனாலும் அது தனக்கு மாலையாகவும் அவளுக்குப் பழியாகவும்தான் போய்ச் சேரும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. உண்ணாமலை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அந்த வாரம் முழுவதும் திருவரங்குளத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து செடியைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். பொன்னுத்தாய் தினமும் விளக்குப் போட்டாள். போடாவிட்டால் ஊர் விடாது. புருஷனோடு அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

செய்ய இன்னும் ஒரு காரியம் பாக்கியிருப்பதாகச் சேவுகனுக்குத் தோன்றியது. புதுக்கோட்டையில் பஸ் கம்பெனியில் கிளீனராக இருந்த மகன் சந்தனத்தை வரச்சொல்லி, பிரகதாம்பாளைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டார். அவனுக்குச் சம்மதம்தான். தங்கச்சி முறைக்காரியின் மகள் என்றால் முறைப்பெண்தானே. தன் வீட்டு மருமகளாகவே வந்துவிட்டால் பிறகு அந்தப் பெண்ணை எவன் என்ன சொல்லிவிட முடியும்? இதில் தன் வெட்கம் தீரும் ஆசையும் கலந்திருந்தது அவருக்கே தெரியும். இருந்தாலும் போனார். தனியாகப் போனார்.

உண்ணாமலை நெல் அவித்துக்கொண்டிருந்தாள். பிரகதாம்பாள் மணை எடுத்துப் போட்டாள். வந்த விஷயத்தைச் சொன்னார். உண்ணாமலை அடுப்பிலிருந்து விறகை இழுத்துவிட்டு, "எனக்கென்னண்ணே இருக்கு சொல்றதுக்கு? அவளைக் கேளுங்க" என்றாள்.

பிரகதாம்பாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு வருஷத்துக்கு முன்னால் செம்மண்ணைப் பறித்த விரல்கள். ஒரு நகம் இன்னும் கோணலாகத்தான் வளர்ந்திருந்தது.

"சந்தனம் மச்சானைக் குறை சொல்ல ஒண்ணுமில்லை மாமா. ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."

"கேளுத்தா."

"ஒங்க வீட்டுக்கு வந்தா, அந்தச் செடிக்கு நாந்தானே தெனம் வெளக்குப் போடணும்?"

அவள் குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. மருமகள்தான் விளக்குப் போட வேண்டும். அது வீட்டு முறை. அதைத் தெரிந்துகொள்ளக் கேட்டாள். அவர் பார்வை அந்தக் கோணல் நகத்தில் போய் நின்றது. சேவுகன் எழுந்தார். வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் வெளியே வந்தார்.

அவர் வீட்டுக்கு வந்தபோது நல்ல வெயில். கொல்லைக்குப் போனார். செடியில் கட்டியிருந்த மஞ்சள் துணியை அவிழ்த்து மடித்து வேப்பங்கிளையில் போட்டார். விளக்கை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விரலால் மண்ணைப் பறிக்க ஆரம்பித்தார். கடப்பாரை கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. அதை அவர் தொடவில்லை. கல் மாதிரி மண். அரை முழம் இறங்குவதற்குள் நகங்கள் பிளந்துவிட்டன. உண்ணாமலை எவ்வளவு நேரம் பறித்தாள், அப்போது தான் எங்கே நின்று யாரோடு பேசிக்கொண்டிருந்தோம் என்று நினைத்துப் பார்த்தார். நிழலில் நின்று வேளாரோடு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. இன்னும் வேகமாகப் பறித்தார். பொன்னுத்தாய் கதவருகே வந்து பார்த்தாள். தடுக்கவில்லை.

வேரோடும் மண்ணோடும் செடியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு அவர் தெருவில் இறங்கியபோது முதலில் பார்த்தவள் அலறிவிட்டாள். ஊர் ஓடிவந்தது. "சாமியைப் பிடுங்கிட்டாரே!" "பித்துப் புடிச்சிருச்சா?" வேளார் கையைப் பிசைந்துகொண்டு, "வேணாம் அம்பலாரே, ஊருக்கு ஆகாது, மழை போயிரும்" என்று கூடவே கொஞ்ச தூரம் வந்தார். பிறகு நின்றுவிட்டார். யாரும் கிட்டே வரவில்லை. பாவம் ஒட்டிக்கொள்ளும் என்பது போலச் சுவரோடு ஒதுங்கினார்கள். பின்னாலிருந்து ஒருவன், "இவனெல்லாம் ஒரு அம்பலமா?" என்றான். நேற்றுவரை ஏறிட்டுப் பார்க்கவே அஞ்சியவன் அவன். சேவுகனுக்கு அது சுட்டது. ஆனால் அந்த வாரத்தில் அவர் காதில் விழுந்த பேச்சிலேயே நியாயமானது அதுதான் என்றும் தோன்றியது.

எல்லாத் தெருவும் சுற்றினார். மண் உதிர்ந்து கண்ணில் விழுந்தது. இரண்டு கையும் மேலே இருந்ததால் துடைக்க வழியில்லை. உண்ணாமலை வீட்டைக் கடக்கும்போது பார்வை மங்கலாக இருந்தது. வாசலில் ஆள் நிற்பது மட்டும் தெரிந்தது. நிற்காமல் நடந்தார். எல்லைக்கல்லுக்கு முன்னால் செருப்பை உதறிக் கழற்றினார். ஊர்க்கூட்டம் தூரத்திலேயே நின்றுவிட்டது.

காட்டுக்குள் சருகில் பின்னால் யாரோ நடந்து வரும் சத்தம் கேட்டது. தலைச்சுமையோடு திரும்பிப் பார்க்க முடியாது. பொன்னுத்தாயாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, உண்ணாமலையின் செடி கருகிய இடத்துக்குப் போனார். அந்தக் குச்சி இன்னும் அங்கேயே நின்றது. அதன் பக்கத்தில் குழி பறித்து, செடியை இறக்கி, மண்ணைத் தள்ளி மிதித்தார். நீலப் பூவில் பாதி உதிர்ந்துபோயிருந்தது. அப்போதுதான் தண்ணீர் கொண்டுவரவில்லை என்பது உறைத்தது. மறுபடி ஊருக்குள் போக வேண்டும். அத்தனை பேர் நடுவிலும் போய் இறைத்துக்கொண்டு வர வேண்டும்.

எழுந்து திரும்பினார். இடுப்பில் குடத்தோடு பிரகதாம்பாள் நின்றுகொண்டிருந்தாள்.

அவள் அவரைத் தாண்டிப் போய், குனிந்து, குடத்தைச் சாய்த்து வேரில் மெதுவாக ஊற்றினாள். கடைசியில் கொஞ்சம் தண்ணீரை நிறுத்தி, அவர் பக்கமாகக் குடத்தை நீட்டினாள்.

"கையக் காட்டுங்க மாமா. ரத்தம் வருது" என்றாள்.

சேவுகன் கையை நீட்டவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி நின்றார்.